டி12 சாலிடரிங் ஸ்டேஷன் கிட்: போர்டு தேறிவிட்டது, பவர் சப்ளைதான் சோதனை

எஸ்டிஎம்32 சிப் வைத்த கன்ட்ரோலர் போர்டு, சின்ன ஓஎல்இடி திரை, திருகி அழுத்தும் குமிழ், கைப்பிடிக்கான துண்டுகள், ஐந்து கம்பி உள்ள சிலிக்கான் கேபிள், வட்டமான ஜிஎக்ஸ்12 கனெக்டர், சாலிடரை உருக்கும் சூடான முனையான டிப் ஒன்று. டி12 கிட் என்று, அதாவது சாலிடரிங் ஸ்டேஷனை நாமே கோர்த்துக்கொள்ளும் தொகுப்பாக, விற்பதில் பொதுவாக இவ்வளவுதான் இருக்கும். கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தால் அலுமினியப் பெட்டியும், சுவர் மின்சாரத்தை 24 வோல்ட் டிசியாக்கும் எஸ்எம்பிஎஸ் என்ற பவர் சப்ளையும் சேர்ந்து வரும். பல பெயர்களில் கிடைத்தாலும் உள்ளே இருக்கும் சர்க்யூட் ஏறக்குறைய ஒன்றுதான்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். போர்டும் டிப்பும் அருமை. சாதாரண 25 வாட் அயர்னில் பழகியவர்களுக்கு இது வேறொரு தொழிலாகவே தோன்றும். கைப்பிடி சுமார், ஆனால் கவனமாகக் கோர்த்தால் போதும். கூட வரும் பவர் சப்ளையைத் திறந்து பார்க்காமல் ப்ளக்கில் செருகக் கூடாது. முடிந்தால் சப்ளை இல்லாத கிட்டை வாங்கி, மிச்சமாகும் பணத்தை ஒரு நல்ல 24 வோல்ட் சப்ளையில் போடுவதே சரியான கணக்கு.

டிப்புக்குள் என்ன நடக்கிறது

ஹக்கோ 936 மாதிரி ஸ்டேஷன்களில் பீங்கான் ஹீட்டர் தனி, அதன்மேல் உறைபோல மாட்டும் டிப் தனி. இரண்டுக்கும் நடுவே மெல்லிய காற்றிடைவெளி இருக்கும். உணரி அளப்பது ஹீட்டரின் சூட்டை. பெரிய செம்புப் பரப்பில் டிப்பை வைத்ததும் முனை குளிர்ந்துபோகும், ஆனால் அந்தச் செய்தி உணரிக்குப் போய்ச் சேர நேரமாகும். அதனால்தான் அந்த வகையில் 350 போதும் என்ற இடத்தில் 400 வைத்துப் பழகிவிடுகிறார்கள்.

டி12 என்பது ஹக்கோ எஃப்எக்ஸ்-951 ஸ்டேஷனுக்கான கார்ட்ரிட்ஜ் டிப். ஹீட்டரும், சூட்டைச் சிறு வோல்ட்டேஜாகக் காட்டும் உணரியான தெர்மோகப்பிளும் முனைக்கு ஒட்டியே ஒரே குழலுக்குள் அடைபட்டிருக்கின்றன. முனை குளிர்ந்த மறுகணமே கன்ட்ரோலருக்குத் தெரிந்துவிடும், உடனே வாட் பாயும். ஈயம் கலந்த சாலிடருக்கு 320 முதல் 340 டிகிரி, ஈயமில்லாததற்கு 350 முதல் 370. இதைத் தாண்ட வேண்டிய தேவை அபூர்வம்.

டிப்பின் பின்பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கடைக்கோடியில் ஒரு உலோக முகடு, அது பாசிட்டிவ். அடுத்து ஒரு இன்சுலேட்டர் வளையம். பிறகு ஒரு உலோக வளையம், அது நெகட்டிவ். மறுபடி இன்சுலேட்டர், அதன்பின் முனைவரை நீளும் குழல், அது எர்த். மல்டிமீட்டரைப் பாசிட்டிவ் முகட்டிலும் நெகட்டிவ் வளையத்திலும் வைத்தால், குளிர்ந்த நிலையில் 8 ஓம் அளவில் காட்டும். இந்த 8 ஓம் என்ற எண்ணை நினைவில் வையுங்கள், கீழே வரும் எல்லாக் கணக்குக்கும் அதுதான் அடிப்படை.

இதில் ஹீட்டரும் தெர்மோகப்பிளும் தொடர் இணைப்பில், அதே இரண்டு முனைகளுக்கு இடையில் இருக்கின்றன. சூடேற்றுவதும் அளப்பதும் ஒரே கம்பியில்! கன்ட்ரோலர் மின்னணு சுவிட்சான மாஸ்ஃபெட்டை மூடி ஹீட்டருக்கான மின்சாரத்தை ஒரு கணம் நிறுத்துகிறது. கம்பியில் இருக்கும் சலசலப்பு அடங்கக் காத்திருக்கிறது. தெர்மோகப்பிளில் எஞ்சும் சில மில்லிவோல்ட்டை ஆப்-ஆம்பால் பெருக்கி அளக்கிறது. மறுபடி ஹீட்டரைத் திறக்கிறது. 24 வோல்ட் ஓடிய அதே பாதையில் மில்லிவோல்ட்டை அளப்பதால்தான் தளர்ந்த சாலிடரும், துருவேறிய கான்டாக்ட்டும், அலை நிறைந்த மட்டமான சப்ளையும் நேரே வெப்பநிலைப் பிழையாக வந்து நிற்கின்றன. இந்தக் கிட்டில் வரும் கோளாறுகளில் பெரும்பாதிக்கு வேர் இங்கேதான்.

வெப்பநிலைக் கட்டுப்பாட்டுக்குச் சிப்பே தேவையில்லை என்று காட்டிய கருவியும் உண்டு. வெல்லரின் மேக்னஸ்டாட் அயர்னில் டிப்பின் பின்னால் ஒட்டியிருக்கும் உலோகம் ஒரு குறிப்பிட்ட சூட்டில் காந்தத்துக்கு ஈர்க்கப்படும் தன்மையை இழக்கும், உடனே சுவிட்ச் விடுபடும். டிப்பில் 7 என்று பொறித்திருந்தால் 370 டிகிரி, 8 என்றால் 425. வெப்பநிலையை மாற்ற டிப்பையே மாற்ற வேண்டும். அழகான வேலைப்பாடு. இருந்தாலும் இன்று புதிதாகக் கட்டுகிறவருக்கு டி12தான் கைக்கு எட்டுவது.

எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர்

வோல்ட்டின் வர்க்கத்தை 8-ஆல் வகுத்தால் வாட். 24 வோல்ட்டில் 3 ஆம்பியர் ஓடி 72 வாட் வரும். 19 வோல்ட் லேப்டாப் அடாப்டரில் 45 வாட், 12 வோல்ட்டில் 18 வாட்தான். 12 வோல்ட்டிலும் போர்டு உயிர் பெறும், திரை எரியும், டிப் மெல்லச் சூடாகும். அதைப் பார்த்து ஏமாறக் கூடாது. போர்டில் பரந்து கிடக்கும் செம்புப் பரப்பான கிரவுண்ட் பிளேனில் இணைந்த ஒரு கெபாசிட்டர் காலைக் கழற்ற முயலும்போது டிப் அங்கேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். 24 வோல்ட்டில் அறைச் சூட்டிலிருந்து 300 டிகிரிக்குப் பத்துப் பதினைந்து விநாடியில் ஏறும். 19 வோல்ட்டில் அதைவிடக் கொஞ்சம் தாமதமாகும், ஆனால் சாதாரண போர்டு வேலைக்கு 45 வாட் தாராளம்.

12 வோல்ட் சப்ளைதான் கையில் இருக்கிறது, பூஸ்ட் மாட்யூல் போட்டு 24 ஆக்கிவிடலாம் என்று நினைப்பவர்கள் ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். 72 வாட் வெளியே வர, 90 விழுக்காடு திறனில் உள்ளே 6.7 ஆம்பியர் போக வேண்டும். சின்ன நீல நிற மாட்யூல்கள் அந்த மின்னோட்டத்தில் கை வைக்க முடியாத அளவு சுடும். தேவையில்லாத வேலை.

யூஎஸ்பி-சி பிடி (பவர் டெலிவரி) சார்ஜர் நல்ல வழி. 20 வோல்ட்டைக் கேட்டு வாங்கும் டிரிகர் மாட்யூல் ஒன்று போதும். 2.5 ஆம்பியரில் 50 வாட் கிடைக்கும், 60 வாட் சார்ஜரும் சாதாரண 3 ஆம்பியர் கேபிளும் தாங்கும். லித்தியம் பேட்டரி என்றால் ஆறு செல் தொடர்: பெயரளவில் 22.2 வோல்ட், முழு சார்ஜில் 25.2. வாங்கும் போர்டின் உச்ச வோல்ட்டேஜ் 24 என்று அச்சிட்டிருந்தால் ஐந்து செல்லோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அதிகம் பேர் தவறுவது டிரான்ஸ்ஃபார்மரில். 936 வகை ஸ்டேஷனில் 24 வோல்ட் ஏசி அப்படியே டிரையாக் என்ற ஏசி சுவிட்ச் வழியாக ஹீட்டருக்குப் போகும். அந்தப் பழக்கத்தில் இங்கேயும் 24 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரை எடுத்து, ஏசியை டிசியாக்கும் டையோடு பிரிட்ஜும் கெபாசிட்டரும் போட்டுவிடுகிறார்கள். 24-ஐ 1.414-ஆல் பெருக்கினால் 34, டையோடுகளில் விழுவதைக் கழித்தால் 32 வோல்ட்டுக்கு மேல். போர்டின் நுழைவாயிலில் இருக்கும் 25 அல்லது 35 வோல்ட் கெபாசிட்டரும் ரெகுலேட்டரும் அதோடு முடிந்தன. 18 வோல்ட் செகண்டரியும் (டிரான்ஸ்ஃபார்மரின் வெளியேற்றுச் சுற்று) நினைப்பதுபோல் பத்திரம் இல்லை. ஹீட்டர் பெரும்பாலான நேரம் ஓய்வில் இருப்பதால் டிரான்ஸ்ஃபார்மரும் சுமையில்லாமல் இருக்கும், அப்போது செகண்டரி பத்து விழுக்காடு கூடியே நிற்கும். லைன் வோல்ட்டேஜும், அதாவது சுவர் மின்சாரமும், கூடினால் 28 வோல்ட்டைத் தொடும். 16 வோல்ட், 120 விஏ டிரான்ஸ்ஃபார்மர், 10,000 மைக்ரோஃபாரட் 35 வோல்ட் கெபாசிட்டர், பெட்டியோடு சேர்த்து முறுக்கிய 15 ஆம்பியர் பிரிட்ஜ்: இது பத்திரமான கூட்டணி. கெபாசிட்டரை 4,700 ஆகக் குறைத்தால் 3 ஆம்பியர் சுமையில் அலை 5, 6 வோல்ட்டுக்குப் போகும். பிரிட்ஜில் மட்டும் 5 வாட் வெப்பமாகும், அதனால் தொங்கவிடாதீர்கள். எடை கூடும், வாட் கொஞ்சம் குறையும், ஆனால் நல்ல டிரான்ஸ்ஃபார்மர் பல பத்தாண்டு உழைக்கும்.

பெட்டியோடு வரும் எஸ்எம்பிஎஸ்

இது கிட்டின் பலவீனமான இடம். வெளியே 24 வோல்ட் 4 ஆம்பியர், 5 ஆம்பியர் என்று எழுதியிருக்கும், அளந்தால் வோல்ட்டேஜும் சரியாகவே இருக்கும். பிரச்சினை போர்டின் அடிப்பக்கத்தில். திருப்பிப் பாருங்கள். லைன் பக்கத்துச் செம்புத் தடங்களும் 24 வோல்ட் பக்கத்துத் தடங்களும் தெளிவாக இரண்டு கரையாகப் பிரிந்து, நடுவே ஒரு வெற்றுப் பட்டை ஓட வேண்டும். அந்தப் பட்டை எந்த இடத்திலும் 6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது, 8 இருந்தால் நிம்மதி. இரு கரைக்கும் நடுவே ஒளியால் செய்தி கடத்தும் ஆப்டோகப்ளருக்குக் கீழே போர்டில் ஒரு வெட்டு இருந்தால் செய்தவர் யோசித்துச் செய்திருக்கிறார் என்று பொருள். மட்டமான சப்ளைகளில் ஆப்டோகப்ளரின் கால்களுக்கு நடுவே சாலிடர் வழிந்து, இடைவெளி 3 மில்லிமீட்டருக்குச் சுருங்கிக் கிடக்கும். 230 வோல்ட்டைத் திருத்தினால் 325 வோல்ட் டிசி. அது உங்கள் கையில் இருக்கும் டிப்பின் பக்கம் தாண்டாமல் தடுப்பது அந்த வெற்றுப் பட்டை மட்டுமே.

அடுத்து, இரு கரையையும் இணைக்கும் நீல நிற வட்டக் கெபாசிட்டரைப் பாருங்கள். அதன்மேல் பாதுகாப்பு ரகம் என்பதற்கான ஒய்1 அல்லது ஒய்2 என்ற முத்திரை வேண்டும். சாதாரண உயர்வோல்ட் டிஸ்க் கெபாசிட்டர் போட்டிருந்தால் அது ஷார்ட் ஆகிச் சாகும், அன்றைக்கு டிப்பில் லைன் வந்து நிற்கும். இந்த ஒரு பொருளை மட்டும் மாற்றிவிட்டுச் சமாதானம் ஆகாதீர்கள். இதில் மிச்சம் பிடித்தவர் மற்றதிலும் பிடித்திருப்பார்.

ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கம்பித் துண்டு இருக்கலாம். வெளியேற்றுப் பக்கக் கெபாசிட்டர் 24 வோல்ட்டுக்கு 25 வோல்ட் ரகமாக இருக்கலாம், அது 35 ஆக இருக்க வேண்டும். போர்டைப் பெட்டியில் இறுக்கும் இரும்பு ஸ்க்ரூவின் தலை, லைன் பக்கத் தடத்தின்மேல் உட்கார்ந்திருக்கலாம். நைலான் ஸ்க்ரூ போட்டு, போர்டுக்கும் பெட்டிக்கும் நடுவே தடித்த இன்சுலேஷன் ஷீட் ஒன்றை விரித்தால் இது மட்டும் சரியாகிவிடும். இடைவெளி குறைந்த சப்ளையை மட்டும் சரிசெய்ய முயல வேண்டாம், எடுத்து ஓரமாக வைத்துவிடுங்கள். முத்திரை பெற்ற 24 வோல்ட், 4 ஆம்பியருக்குக் குறையாத சப்ளை ஒன்றை வாங்குங்கள். ஹீட்டர் கேட்பது 3 ஆம்பியர்தான், ஆனால் அது ஒரே சீராக இழுக்காது. விநாடிக்குப் பலமுறை பூஜ்யத்துக்கும் மூன்றுக்கும் தாவும். சரியாக 3 ஆம்பியர் சப்ளை அந்தத் தாவலில் தடுமாறிப் பாதுகாப்புக்குள் போய்விடும், திரை அணைந்து அணைந்து எரியும். நல்ல சப்ளையும் இந்தத் தாவலில் மெல்லிய ‘கிர்ர்’ சத்தம் போடும், அது கோளாறு அல்ல.

திறந்து வேலை செய்யும்போது ஒரு எச்சரிக்கை. ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் லைன் பக்கத்துப் பெரிய கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரின் கால்களை இன்சுலேட் செய்து, பத்து விநாடி இரு முனையிலும் தொட்டு, மீட்டரில் பூஜ்யத்துக்கு அருகே வந்ததைப் பார்த்த பிறகே விரலைக் கொண்டுபோங்கள்.

எர்த் கொடுக்கும் முறை

மூன்று பின் சாக்கெட்டின் எர்த் முனையிலிருந்து பச்சை-மஞ்சள் வயர் பெட்டிக்கு வரும் இடத்தில்தான் அடுத்த ஏமாற்று. கிட்டோடு வரும் அலுமினியப் பெட்டி அனோடைஸ் செய்தது. அந்த மேற்பூச்சு மின்சாரத்தைக் கடத்தாது. முன்பலகை, பின்பலகை, மேல்பாதி, கீழ்பாதி என்று ஒவ்வொன்றும் மின்சாரக் கணக்கில் தனித்தனித் தீவாக இருக்கும். பின்பலகையில் எர்த் கொடுத்துவிட்டால் பெட்டி முழுக்க எர்த் ஆகிவிட்டது என்று நினைத்தால் தவறு. எர்த் வயருக்குத் தனியாக ஒரு துளை போட்டு, சுற்றிலும் பூச்சைச் சுரண்டி, வளைய லக், பல்வாஷர், நட் போட்டு இறுக்குங்கள். சப்ளையை இறுக்கும் ஸ்க்ரூவோடு அதைச் சேர்க்காதீர்கள். பிறகு மற்ற பாகங்கள் ஒன்றோடொன்று சேரும் ஸ்க்ரூத் துளைகளின் விளிம்பையும் சுரண்டிவிட்டு, ப்ளக்கின் எர்த் பின்னிலிருந்து ஒவ்வொரு பலகைக்கும் மின்தடையை அளங்கள். அரை ஓமுக்குக் கீழே வர வேண்டும். எர்த் பின்னிலிருந்து டிப் முனைவரை 2 ஓமுக்குக் கீழே.

ரெண்டு பின் லேப்டாப் அடாப்டரோ பிடி சார்ஜரோ வைத்து ஓட்டுகிறவர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். அந்த அடாப்டர்களில் லைன் பக்கத்தையும் டிசி பக்கத்தையும் ஒரு ஒய் கெபாசிட்டர் இணைக்கும். அது 2.2 நானோஃபாரட் என்றால், 230 வோல்ட் 50 ஹெர்ட்ஸில் 0.16 மில்லிஆம்பியர்வரை கசியும். மனிதருக்கு ஆபத்தில்லை, உலோகத்தில் கையைத் தேய்த்தால் மெல்லிய சுருசுருப்பு தெரியும், அவ்வளவுதான். ஆனால் மல்டிமீட்டரை எர்த்துக்கும் டிப்புக்கும் வைத்தால் நூறு வோல்ட் ஏசி அளவில் காட்டும். சாலிடர் செய்யும் போர்டில் உள்ள மாஸ்ஃபெட்டின் கேட்டைப் பாழாக்க அது போதும். டிப்பின் எர்த் கம்பியையும் டிசி நெகட்டிவையும் சேர்த்து ஒரு தனி வயரில் சுவர் எர்த்துக்குக் கொண்டுபோனால் இந்த மிதப்பு போய்விடும்.

நேரடியாக எர்த் செய்வதா, நடுவில் 1 மெகா ஓம் ரெசிஸ்டர் போடுவதா என்று கேட்பவர்கள் உண்டு. நேரடி எர்த்தே நல்லது. பதிலுக்கு ஒரு கட்டுப்பாடு வரும்: மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும் போர்டில் டிப்பை வைக்கக் கூடாது. வைத்தால் டிப் வழியாக எர்த்துக்கு ஷார்ட். எப்படியும் ஓடும் போர்டில் சாலிடர் செய்வது நல்ல பழக்கம் இல்லை.

கைப்பிடி கோர்ப்பது

கைப்பிடிக்குள் போகும் மெல்லிய சர்க்யூட் பலகையில் பிளஸ், மைனஸ், இ (எர்த்), எஸ்டபிள்யூ (அசைவு சுவிட்ச்) என்று அச்சிட்டிருக்கும். கேபிளின் நிறத்தை நம்பாதீர்கள். ஒவ்வொரு கிட்டிலும் நிறம் மாறும், சிலவற்றில் கேபிளின் இரு முனையிலும் ஒரே வரிசை இருக்காது. அச்செழுத்தைப் பார்த்து இணைத்து, கனெக்டர் பின்னிலிருந்து டிப் கான்டாக்ட்வரை தொடர்ச்சி பார்த்து உறுதிசெய்யுங்கள். பிளஸ்ஸும் மைனஸும் மாறினால் ஹீட்டர் சூடாகும், ஆனால் தெர்மோகப்பிள் மில்லிவோல்ட் எதிர்க்குறியில் வரும். கன்ட்ரோலர் ‘இன்னும் குளிராகவே இருக்கிறது’ என்று நினைத்துத் தொடர்ந்து வாட் கொடுக்கும். டிப் சிவந்து பாழாகச் சில விநாடி போதும். இந்தக் கிட்டில் செய்யக்கூடிய மிக மோசமான வயரிங் தவறு இதுதான்.

டிப்பைப் பிடிக்கும் பித்தளைத் தகடுகள் மூன்றும் பலகைக்குச் செங்குத்தாக, ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். டிப்பை உள்ளே செருகி வைத்துக்கொண்டே அவற்றைச் சாலிடர் செய்வதுதான் நேராக வரும் வழி. தனியாகச் செய்தால் அரை மில்லிமீட்டர் கோணல் வந்து, டிப் முழு ஆழத்துக்கு இறங்காது. அப்போது கை அசையும்போதெல்லாம் திரையில் எண் 500-க்குத் தாவும், அல்லது சென்சார் எரர் வரும். சுற்று அறுபட்டதாக ஆம்ப்ளிஃபையர் நினைப்பதுதான் காரணம்.

அசைவு சுவிட்ச் என்பது உள்ளே ஒரு குட்டி உலோக உருண்டை உள்ள குழல். ஸ்டாண்டில் வைத்த அயர்ன் தூங்கப்போவதும், எடுத்ததும் விழிப்பதும் அதன் வேலை. அதைக் கைப்பிடியின் நீளத்துக்கு இணையாகப் படுக்க வைத்தால் நன்றாக வேலை செய்யும். தலைகீழாக வைத்தால் வேலை நடக்கும்போதே தூங்கிவிடும். பலகையில் வெப்ப உணரிக்கு இடம் இருந்தால் அதையும் விடாமல் பொருத்துங்கள், காரணம் அளவுதிருத்தப் பகுதியில் வருகிறது. கேபிள் நுழையும் இடத்தில் உள்ளே ஒரு கேபிள் டையால் கட்டிவிட்டால் இழுவை சாலிடரில் விழாது.

முதல் முறை மின்சாரம் கொடுக்கும்போது

போர்டை இணைக்காமல் சப்ளையை மட்டும் முதலில் சோதிக்க வேண்டும். திறந்து வேலை பார்த்த எஸ்எம்பிஎஸ் என்றால் 60 வாட் இழைப் பல்பு ஒன்றைத் தொடரில் போட்டுக் கொடுங்கள். பல்பு ஒரு கணம் மின்னி அணைந்தால் நல்லது, பிரகாசமாக எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட். எல்இடி பல்பு இதற்கு உதவாது. அது முடிந்ததும் பல்பை எடுத்துவிட்டு, சுமையோடு சோதனை. 12 வோல்ட் 21 வாட் வாகன பல்புகள் இரண்டைத் தொடராக இணைத்தால் 1.75 ஆம்பியர். அப்படி இரண்டு ஜோடியைப் பக்க இணைப்பில், ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்தால் 3.5 ஆம்பியர். அரை மணி நேரம் எரியவிட்டு வோல்ட்டேஜ் 23.5-க்குக் கீழே இறங்குகிறதா, டிரான்ஸ்ஃபார்மர் வாசனை அடிக்கிறதா என்று பாருங்கள். லைன் பக்க ஃபியூஸ் 2 ஆம்பியர் ஸ்லோ-ப்ளோ. 230 வோல்ட்டில் ஓடுவது ஒரு ஆம்பியருக்கும் குறைவே, ஆனால் தொடக்க நொடியில் கெபாசிட்டர் நிரம்பும் பாய்ச்சலை அது தாங்க வேண்டும்.

அடுத்து கன்ட்ரோலர், கைப்பிடி இல்லாமல். திரை எரிந்து சென்சார் எரர் காட்ட வேண்டும். அப்புறம் அணைத்துவிட்டுக் கைப்பிடியைப் போட்டு 200 டிகிரியில் வைத்து, எண் ஏறி நிற்பதைப் பாருங்கள். விரல் குமிழிலேயே இருக்கட்டும்.

குமிழை அழுத்தி அணைப்பது மென்பொருள் அணைப்புதான். மாஸ்ஃபெட் ஷார்ட் ஆகிவிட்டால் ஹீட்டர் முழு 72 வாட்டில் நிற்காமல் ஓடும், ஃபியூஸும் போகாது, ஏனென்றால் அது சாதாரண மின்னோட்டமே. அதனால் பின்பலகையில் இரு கம்பியையும் வெட்டும் ராக்கர் சுவிட்ச் கட்டாயம், மேசையை விட்டு எழும்போது அதைத்தான் அணைக்க வேண்டும்.

அளவுதிருத்தம்

கிட்டிலிருந்து வந்தபடியே திரையில் 350 என்றால் டிப்பில் 350 என்று எடுத்துக்கொள்ள முடியாது. 20, 30 டிகிரி தள்ளி இருப்பது சாதாரணம். மெனுவில் மூன்று வெப்பநிலைகளில் திருத்தும் வசதி இருக்கும். நல்ல டிப் தெர்மாமீட்டர் இருந்தால் ஐந்து நிமிட வேலை. மல்டிமீட்டரோடு வரும் குண்டு தெர்மோகப்பிளைச் சும்மா டிப்பில் அழுத்தினால் பல பத்து டிகிரி குறைவாகவே காட்டும், கம்பி வழியே சூடு ஓடிவிடுவதால். அதை நம்பித் திருத்தினால் ஸ்டேஷன் எப்போதும் அதிகச் சூட்டில் ஓடும். 0.2 மில்லிமீட்டருக்கு மேற்படாத மெல்லிய கே வகைத் தெர்மோகப்பிள் கம்பியை, டிப்பில் நிற்கும் உருகிய சாலிடர்த் துளிக்குள் முழுக வைத்து அளந்தால் நெருங்கி வரும். கருவியே இல்லையென்றால் 63/37 (63 விழுக்காடு வெள்ளீயம், 37 ஈயம்) சாலிடர் சரியாக 183 டிகிரியில் உருகும் என்பதை வைத்துக் கீழ்ப்பக்கத்தையாவது சரிபார்க்கலாம்: 170-இல் தொடங்கி இரண்டிரண்டு டிகிரியாக ஏற்றி, மெல்லிய கம்பி உருகும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

தெர்மோகப்பிள் சொல்வது முனைக்கும் அதன் மறுமுனைக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும். கைப்பிடியின் சூட்டை அதோடு கூட்டினால்தான் உண்மை வெப்பநிலை. கைப்பிடியில் உணரி இல்லாத கிட்டில், போர்டில் இருக்கும் உணரியை வைத்துக் கூட்டுகிறார்கள். பெட்டிக்குள் சப்ளையும் ரெகுலேட்டரும் சேர்ந்து ஒரு மணி நேரத்தில் 50 டிகிரிக்குக் கொண்டுபோய்விடும், கைப்பிடியோ 30-இல் இருக்கும். திரை 350 காட்டும்போது டிப்பில் 330தான் இருக்கும். காலையில் நன்றாக ஓடிய சாலிடர் மதியம் இழுபடுகிறது என்றால் டிப்பைத் திட்டாதீர்கள், மெனுவில் சுற்றுச்சூழல் வெப்பநிலை எவ்வளவு காட்டுகிறது என்று பாருங்கள்.

வேலையில்

தூக்கத்துக்கு ஐந்து நிமிடம், தூக்க வெப்பநிலை 180, பதினைந்து நிமிடத்தில் முழு அணைப்பு: இந்த அமைப்பில் டிப் நீண்ட நாள் வரும். தூங்கி எழச் சில விநாடிதான் ஆகும் என்பதால் காத்திருக்கும் எரிச்சலே இல்லை. இந்தக் கிட்டின் உண்மையான சுகம் இங்கேதான்.

பெரிய ஷீல்டு, தடித்த பேட்டரித் தகடு, பல அடுக்குப் போர்டின் கிரவுண்ட் பிளேன் ஆகியவற்றில் 72 வாட்டுக்கும் எல்லை உண்டு. அப்படிப்பட்ட வேலை தினமும் வருகிறவர்கள் ஜேபிசி சி245 வகைக் கார்ட்ரிட்ஜுக்கான கன்ட்ரோலரைப் பார்க்கலாம். அதன் மின்தடை 3 ஓமுக்கும் கீழே என்பதால் 24 வோல்ட்டில் உச்சத்தில் 200 வாட் அளவு இழுக்கும், சப்ளையும் அதற்குத் தகுந்ததாக வேண்டும். மேசையில் பழுதுபார்ப்பு, கிட் கட்டுதல், எஸ்எம்டி (போர்டின் மேற்பரப்பில் ஒட்டும் குட்டிப் பாகங்கள்) என்று போகிறவர்களுக்கு டி12 போதும்.

கிட்டோடு வரும் டிப் பெரும்பாலும் கே வகை, கத்திபோல் இருப்பது. ஐசி கால்களில் இழுத்துச் சாலிடர் செய்ய நல்லது. முதலில் வாங்க வேண்டியது டி24, அதாவது 2.4 மில்லிமீட்டர் உளி. அதோடு சரிந்த வெட்டுள்ள பிசி2. ஊசிமுனை டிப் அழகாகத் தோன்றும், ஆனால் தொடும் பரப்பு ஒரு புள்ளியாக இருப்பதால் சூடு இறங்காது. டிப்பின்மேல் இருக்கும் இரும்புப் பூச்சை அரம் வைத்தோ மணல்தாள் வைத்தோ தேய்த்தால் அன்றோடு உள்ளே இருக்கும் செம்பு கரையத் தொடங்கும். பித்தளைச் சுருளில் குத்தித் துடைத்து, அணைக்கும் முன் நிறையச் சாலிடர் பூசி வையுங்கள்.

மலிவான டிப்களில் தரம் ஒரே மாதிரி இருக்காது. சிலவற்றில் தெர்மோகப்பிள் முனையிலிருந்து தள்ளி இருப்பதால் சூடு இலக்கைத் தாண்டி ஏறிவிட்டு இறங்கும். வந்ததும் மீட்டரில் 8 ஓமை ஒட்டி இருக்கிறதா, முகட்டுக்கும் குழலுக்கும் ஷார்ட் இல்லையா என்று பாருங்கள். எண் 10-ஐத் தாண்டினாலோ கை அசைவில் தடுமாறினாலோ திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஆனால் அதைக் கைப்பிடியில் ஏற்றுவதற்கு முன்பே செய்ய வேண்டும், சாலிடர் ஒருமுறை பட்டுவிட்ட டிப்பைத் திரும்ப வாங்கிக்கொள்வது அபூர்வம்.